வேலி வளர்த்த வெள்ளை மான்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

நியூயார்க் மாநிலத்தில், செனெகா பழைய ராணுவக் கிடங்கு வேலி ஓரமாக நின்று நான் எடுத்த வெள்ளை மான் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் காட்டுயிர் மேலாண்மை படித்தவன். அதே மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். அந்த வேலிப் பக்கம் எத்தனை முறை காரை நிறுத்தியிருப்பேன் என்ற கணக்கு என் மனைவியிடம்தான் இருக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை): சார், படத்தில் மான் ஒரு மண்மேட்டின் மேல் நிற்கிறது. மேட்டுக்கு இரும்புக் கதவு இருக்கிறதே, அது என்ன இடம்?

அது மேடு இல்லை, வெடிமருந்து அறை. செனெகா, கயூகா என்று இரண்டு நீண்ட ஏரிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில் 1941-ல் அமெரிக்க ராணுவம் சுமார் 10,600 ஏக்கரை எடுத்துக்கொண்டது. பரம்பரையாக உழுது பிழைத்த குடும்பங்களுக்கு மூட்டை கட்டக்கூடச் சரியான அவகாசம் கிடைக்கவில்லை. அந்த நிலத்தில் 500-க்கும் மேல் கான்கிரீட் அறைகளைக் கட்டி, மேலே மண்ணைக் கொட்டிப் புல் வளர விட்டார்கள். பனிவீடு மாதிரி இருப்பதால் ‘இக்லூ’ என்று பெயர். ஒன்று வெடித்தால் அடுத்ததும் சேர்ந்து வெடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டார்கள். மான்களுக்கு வாய்ப்பாகப் போனது அந்த இடைவெளிதான். வெட்டவெளிப் புல், நடுநடுவே புதர், ஓரத்தில் மரம். வெள்ளைவால் மானுக்கு (இந்த இனத்தின் பெயர் அதுதான்) இதைவிட நல்ல வீடு கட்டித் தர முடியாது. குண்டு வைக்கக் கட்டிய இடம் மேய்ச்சல் நிலமாகிவிட்டது.

சுற்றி 24 மைல் வேலி. அது போட்டபோது உள்ளே மாட்டிக்கொண்ட சில டஜன் மான்களின் வாரிசுகள்தான் பெரும்பாலும் இப்போது இருப்பவை.

கேள்வி (கோவை): அங்கே அணுகுண்டு வைத்திருந்ததாகப் படித்தேன். கதிர்வீச்சால்தானே மான் வெளுத்துப் போனது?

மொத்தம் பதினொரு பேர் இதைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே வேலைக்கு வந்து போகும் அமெரிக்கர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

வதந்திக்கு ஒரு அடிப்படை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 1940-களில், முதல் அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்துக்கான யுரேனியத் தாது சில இக்லூக்களில் வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் கிடங்கின் வடக்குப் பகுதியில் தனியாக அடுக்கடுக்கான வேலி, ஆயுதக் காவல் எல்லாம் வந்தன. அணு ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால் ராணுவம் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. 1983-ல் பெண்கள் கிடங்கை ஒட்டி நிலம் வாங்கி, முகாம் போட்டு, வேலி ஏறிக் குதித்துப் போராடியது இதற்காகத்தான்.

ஆனால் மான் வெளுத்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கதிர்வீச்சு என்றால் பல விதமான குறைகள் தாறுமாறாக வர வேண்டும். இங்கே நடந்தது ஒன்றே ஒன்று: மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்குப்படி ஒழுங்காக இறங்கி வரும் ஒரு ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பு. ரோமத்துக்கு மெலனின் நிறமி போய்ச் சேராத இந்த நிலைக்கு லூசிசம் என்று பெயர். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், நான் வைத்ததில்லை. அல்பினோவாக, அதாவது உடலில் நிறமியே இல்லாததாக இருந்தால் கண் இளஞ்சிவப்பாகத் தெரியும், பார்வையும் மங்கும். செனெகா மானின் கண் நல்ல பழுப்பு. சரியாகப் பார்க்கும், சரியாக ஓடும்.

கேள்வி (மதுரை, ஆசிரியை): வகுப்பில் சொல்ல ஒரு எளிய கணக்கு கிடைக்குமா?

தாராளமாக, டீச்சர். வெள்ளைக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்தால்தான் குட்டி வெள்ளை. ஒன்று மட்டும் வந்தால் பார்வைக்குச் சாதாரணப் பழுப்பு மான், உள்ளே ரகசியம் வைத்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பழுப்பு மான்கள் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டி வெள்ளையாக வர வாய்ப்பு. ரகசியப் பழுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் எல்லாமே வெள்ளை. ‘பழுப்புத் தாய்க்கு வெள்ளைக் குட்டி எப்படி?’ என்று முதல் கேள்வியாகக் கேட்டு ஆரம்பியுங்கள், பிள்ளைகள் பதில் சொல்ல முடியாமல் முழிப்பார்கள்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இந்த இனத்தின் பெயரே வெள்ளைவால் மான். பழுப்பு மானுக்கும் வாலின் அடிப்பக்கம் வெள்ளைதான், பயந்தால் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு ஓடும். நம் ஊர் வெளிமான் வேறு. அதில் ‘வெளி’ என்பது திறந்தவெளி, வெள்ளை இல்லை.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணே, வெள்ளை மானைக் காப்பாற்றப் பழுப்பு மானைச் சுட்டார்களாமே? இது எந்த ஊர் நியாயம்?

கோபம் புரிகிறது, தம்பி. நடந்ததைச் சொல்கிறேன்.

1949 வாக்கில் வெள்ளை மான்கள் கண்ணில் படத் தொடங்கின. அப்புறம் வந்த தளபதி ஒருவர், வெள்ளையைச் சுடக் கூடாது என்று உத்தரவு போட்டார். பழுப்பைச் சிப்பாய்கள் வேட்டையாடலாம். அவ்வளவுதான், வேறு விஞ்ஞானத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி உத்தரவு வருடா வருடம் வேலை செய்தது. பழுப்பு குறையக் குறைய வெள்ளையின் பங்கு ஏறியது. உச்சத்தில் சுமார் 200 வெள்ளை மான்கள் இருந்தன. வெளிக்காட்டில் ஒரு வேட்டைக்காரர் ஆயுள் முழுக்கத் திரிந்தாலும் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேலிக்குள் ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. இருப்பது கயோட்டி என்ற சின்ன ஓநாய் மாதிரியான மிருகம், அது பெரும்பாலும் குட்டியைத்தான் தூக்கும். யாரும் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் மான் பெருகி, எட்டும் உயரம் வரை இலை தழை எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடும். பிறகு பனிக்காலத்தில் எலும்பும் தோலுமாக விழும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், வேறொரு அடைப்பில். ஒரு பெண் மான் பைன் மரப்பட்டையைக் கடித்தபடி நின்றது, நான் பத்தடி தூரத்தில் போயும் அதற்கு ஓடத் தெம்பில்லை. அதற்குத் துப்பாக்கி மேல் என்று சொல்ல எனக்கும் நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்வேன்.

கேள்வி (சேலம்): வேலியை எடுத்துவிட்டால் சுதந்திரமாகப் பெருகுமே? அடைத்து வைப்பது பாதுகாப்பா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் உங்களுக்குப் பிடிக்காது.

வேலியை எடுத்த மறுநாளே மான்கள் செத்துவிடாது. கலந்துவிடும். வெளியே உள்ள ஏராளமான பழுப்பு மான்களோடு சேரும்போது, இரண்டு வெள்ளை மரபணுக்கள் ஒரே குட்டியில் சந்திப்பது அரிதாகிவிடும். சில தலைமுறையில் அந்த மரபணு உயிரோடுதான் இருக்கும், வெள்ளை மான்தான் கண்ணில் படாது. தவிர, வேலிக்கு வெளியே நியூயார்க் சட்டம் நிறம் பார்ப்பதில்லை. சீசனில் உரிமம் உள்ளவர் சுடலாம். விஸ்கான்சின் மாதிரி சில மாநிலங்களில்தான் வெள்ளை மானுக்குத் தனிப் பாதுகாப்பு.

இந்தக் கூட்டத்தை ‘இயற்கையின் அதிசயம்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மரபணு இயற்கை. கூட்டம் மனிதன் செய்தது. கம்பி வேலியும் ஒரு தளபதியின் உத்தரவும் சேர்ந்து செய்தது. இனமாகப் பார்த்தால் வெள்ளைவால் மானுக்கு அழிவு ஆபத்து துளியும் இல்லை, ஊர்த் தோட்டங்களைத் தின்னும் அளவுக்கு இருக்கிறது. அதனால் ‘காட்டை அப்படியே விட்டுவிடு’ என்ற வழக்கமான மந்திரம் இங்கே பலிக்காது. மரம் விழுந்து கம்பி அறுந்தால் அன்றே கட்ட வேண்டும். புதர் மண்டினால் வெட்ட வேண்டும். பழுப்பை அளவோடு வைக்க வேண்டும். இதைச் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். ராணுவம் இருந்தவரை இதெல்லாம் வேறொரு வேலையின் ஓரத்தில் இலவசமாக நடந்தது.

கேள்வி (பெங்களூரு): ராணுவம் போன பிறகு யார் பொறுப்பு?

1995-ல் மூடும் பட்டியலில் சேர்த்தார்கள், 2000-ல் கிடங்கு மூடப்பட்டது. நிலத்தைத் துண்டு போட்டார்கள். ஒரு துண்டில் மாநிலச் சிறைச்சாலை வந்தது. பெரும்பகுதி கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொழில் வளர்ச்சி அமைப்பிடம் போனது. அவர்களுக்கு வேண்டியது வேலைவாய்ப்பும் வரியும், மான் இல்லை. அதைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன், ஊரே கிடங்கை நம்பி இருந்தது.

மானுக்காகப் பேச டென்னிஸ் மணி என்பவர் தலைமையில் ‘செனெகா வெள்ளை மான்’ என்றே பெயர் வைத்து ஒரு தன்னார்வ அமைப்பு வந்தது. கடைசியில் 2016-ல் ஏலம். உள்ளூர்த் தொழிலதிபர் ஏர்ல் மார்ட்டின் சுமார் 7,000 ஏக்கரை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு 130 டாலர்கூட வரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு மாத வாடகை என்று நினைத்து நாம் பெருமூச்சு விடலாம். அவர் மானுக்கென ஒரு பகுதியை ஒதுக்க, 2017-ல் பேருந்தில் சுற்றிக்காட்டும் பூங்கா திறந்தது. அப்போது சொல்லப்பட்ட கணக்கு, வெள்ளை மான் 75 வாக்கில். 2019 இறுதியோடு அந்தப் பேருந்துப் பயணம் நின்றது. பயணச்சீட்டை மட்டும் நம்பி 24 மைல் வேலியைப் பராமரிப்பது நடக்கிற காரியமில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (வவுனியா): அண்ணை, ஆமி விட்டுட்டுப் போன காணி எண்டால் வெடிக்காத குண்டு இருக்குமே? மான் மிதிச்சால்?

இருந்தது, தம்பி. பழைய வெடிமருந்தைத் திறந்தவெளியில் எரித்த இடங்களும் வெடிக்க வைத்த இடங்களும் அங்கே உண்டு. சாம்பல் கொட்டிய இடத்துக்குக் கீழே நிலத்தடி நீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்திருந்தது. 1990-ல் நாட்டின் மோசமான மாசு இடங்களின் பட்டியலில் கிடங்கு சேர்க்கப்பட்டது, துப்புரவு பல வருடம் நடந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஆபத்தான நிலத்தில் மனிதன் கால் வைக்கப் பயப்படுவான், அந்தப் பயமே மிருகங்களுக்குக் காவல்.

கேள்வி (கனடா): ஒரே குடும்பத்துக்குள் கலந்து பலவீனமாகாதா?

வேலி அவ்வளவு கச்சிதம் இல்லை, விழுந்த மரங்களின் புண்ணியத்தில் வெளி ரத்தமும் வந்து சேர்கிறது. என் பயம் நோய் பற்றியது. உருக்குலைந்த புரதத்தால் வந்து மானின் மூளையை அரிக்கும் பிரையான் நோய் 2005-ல் இதே மாநிலத்தில் ஒனைடா கவுண்டியில் தலைகாட்டியது. மருந்து கிடையாது. நெருக்கமான கூட்டத்தில் நுழைந்தால் வெள்ளை, பழுப்பு என்று பார்க்காது. அதனால்தான் வேலி ஓரம் சோளம் போட்டு மானைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வி (தஞ்சாவூர்): தம்பி, மே மாதம் மகள் வீட்டுக்கு வருகிறோம். பார்க்க முடியுமா?

அம்மா, மே மாதம் கஷ்டம். புல் உயர்ந்துவிடும், குட்டி போடும் நேரம் என்பதால் பெண் மான்கள் ஒதுங்கிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. பனியில் தெரியாதே என்று நினைக்காதீர்கள். புதுப் பனிக்குப் பக்கத்தில் அது நாலு வருடம் துவைத்த வேட்டி நிறத்தில் நன்றாகவே தெரியும். உள்ளே தனியார் நிலம், போகக் கூடாது. மேற்கே 96ஏ, கிழக்கே 96 என்ற சாலைகளிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் பைனாகுலர் வைத்துப் பார்க்கலாம். அசையாத வெள்ளையைக் கண்டால் உடனே பரவசப்படாதீர்கள். முதல் தடவை நான் பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துப் பார்த்தது ஒரு உரமூட்டையை. அப்புறம், சிறைச்சாலைப் பக்கம் மட்டும் பைனாகுலரைத் தூக்கிவிடாதீர்கள். மான் பார்க்க வந்தோம் என்று காவலரிடம் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிடும்.