விமானத்தில் சைக்கிள்: கேள்வி பதில்

கல்முனை: அண்ணா, கத்தாருக்குச் சைக்கிளையும் கொண்டுபோகிறேன். எப்படிக் கட்டுவது?

புதுச் சைக்கிள் வந்திறங்கும் மட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டு வாங்குங்கள், தம்பி. பெடல்களைக் கழற்ற 15 மில்லிமீற்றர் ஸ்பனர் வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். முன்சில்லைக் கழற்றியதும் ஃபோர்க்கின் (சில்லைப் பிடித்திருக்கும் கவையின்) இரு நுனிகளுக்கு நடுவே அதே அகலத்தில் கட்டைத்துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மேலே இன்னொரு பொதி விழும்போது ஃபோர்க் நெரியும். பின்கியரைச் சட்டத்திலிருந்து கழற்றித் துணியில் சுற்றி, சில்லுப் பக்கமாக உள்ளே கட்டுங்கள். எண்ணெய் டிஸ்க் பிறேக் என்றால் பட்டைகளுக்கிடையே மடித்த மட்டை வையுங்கள். சில்லு இல்லாதபோது பிறேக்கை அழுத்தினால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

செங்கலடி: காற்றை இறக்காவிட்டால் ரயர் வானத்தில் வெடிக்குமாமே?

வெடிக்காது. பயணிகள் அறையைப் போலவே பொதியறைக்கும் அழுத்தம் உண்டு. ஏறக்குறைய 8000 அடி மலையுச்சியின் காற்றழுத்தம். தரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 4 பிஎஸ்ஐ (ரயர்க் காற்றை அளக்கும் அலகு) கூட இல்லை.

காத்தான்குடி: கவுன்ரரில் என்னைக் காற்றை இறக்கச் சொன்னார்களே!

சொல்வார்கள். சில நிறுவனங்களின் விதி அது. இறக்குங்கள், ஆனால் கொஞ்சம் மிஞ்சட்டும். ரயர் சப்பையானால் ரிம்மில் அடி விழும்.

காத்தான்குடி: காரணமில்லாமலா விதி போடுவார்கள்?

பொதியறையில் அழுத்தமே இல்லாமல் போனாலும் கூடுவது 15 பிஎஸ்ஐக்கு உட்பட்டதுதான். 60 அடித்த நல்ல ரயர் 75ஐத் தாங்காதா? கல்லடிப் பாலத்து மத்தியான வெயிலில் நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. அதற்குப் பயந்து யார் காற்றை இறக்குகிறார்கள்? எல்லோரும் ரயரைக் கேட்கிறீர்கள்; ஃபோர்க்கைக் கேட்க ஆளில்லை.

ஏறாவூர்: மின்சாரச் சைக்கிள்?

சைக்கிள் போகலாம், பற்றரி போகாது. 160 வாற்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணிகள் கையிலும் பொதியிலும் கொண்டுபோக முடியாது. 36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்குங்கள்: 360 வாற்-மணி.

அக்கரைப்பற்று: எத்தனை கிலோ விடுவார்கள்?

டிக்கெட்டைப் பாருங்கள். ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். சைக்கிள் வருகிறது என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

பொத்துவில்: காற்றை இறக்க வேண்டுமா?

மேலே படியுங்கள்.

மருதமுனை: இடது பெடல் அசையவே மாட்டேனென்கிறது.

எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

களுவாஞ்சிகுடி: கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோகலாமா?

நடத்துனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். படுக்கவைக்கத்தான் வேண்டுமென்றால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். ஸ்பனரைப் பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அங்கே இறங்கிப் பெடலைப் பூட்ட ஒன்றும் இராது.