சாமான் எடுக்கப் போகும்போது பிள்ளைகளுக்குக் கொழும்பையும் காட்டலாமா?

கேள்வி: ஹட்டனில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்குச் சாமான் எடுக்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய்த் துறைமுக நகரத்தைக் காட்ட ஆசை. ஒரே நாளில் முடியுமா?

முடியும், ஆனால் ஒருத்தருக்கும் திருப்தி இருக்காது. பஸ்ஸில் போகவே நாலைந்து மணித்தியாலம். ஓர் இரவு தங்குகிற மாதிரிப் போங்கள்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டை நடைபாதைக் கடைகள் கலகலவென்று இருக்கும், மொத்தக் கடைகளோ பெரும்பாலும் பூட்டு. பௌர்ணமி விடுமுறையான போயாவும் அப்படித்தான். வெள்ளி மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பல கடைகளில் ஷட்டர் இறங்கிவிடும். அதனால் சனிக்கிழமை போய், துணியைப் பார்த்து எடுத்து, பார்சலை லொறிக்குக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடங்கள். மூட்டையும் பிள்ளைகளுமாகக் கடற்கரைக்குப் போகிற வேலை வேண்டாம்.

கடலோரத்துக் காலிமுகத்திடலுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போகாதீர்கள். ஒதுங்க நிழல் கிடையாது, ஸ்வெட்டரில் வளர்ந்த நம் பிள்ளைகள் வாடிப்போவார்கள். அங்குள்ள நடைபாதை 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்தது. சாயங்காலம் பட்டம் பறக்கும், உளுந்து வடையே தின்று பழகிய பிள்ளைகளுக்கு முழு இறாலை மேலே பதித்த பருப்பு வடை கிடைக்கும். இந்த இடத்துக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். காசும் அவ்வளவாகச் செலவாகாது.

சரி, துறைமுக நகரம். கடலில் மணல் கொட்டி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம், ஏறக்குறைய ஒரு நடுத்தரத் தேயிலைத் தோட்டம் அளவு. பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். 2014 இல் வேலை தொடங்கி, 2015 இல் ஆட்சி மாறியதும் நின்று, அடுத்த வருடம் மறுபடி ஆரம்பித்து, 2019 தொடக்கத்தில் கடலை நிரப்பி முடித்தார்கள். துபாய் மாதிரிக் கட்டடங்களை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், இன்னும் வெறும் நிலம்தான் அதிகம். காற்று வாங்கி நடக்க நல்ல இடம்.

தாமரைக் கோபுரம் சுமார் 350 மீட்டர் உயரம். மலை உச்சியிலிருந்து கீழே பார்ப்பது நமக்குப் புதிதில்லை என்றாலும், துறைமுகத்துக் கிரேன்களும் கப்பல்களும் தெரிவது வேறு கதை. ஞாயிறு காலையில் அதை வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கட்டணம் வேறு என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பேரே வாவி வழியில் பட்டால் பாருங்கள், தேடிப் போக வேண்டியதில்லை.

கொழும்பின் பளபளப்பான கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறவர்களிடமிருந்து திடீரென்று நம் மலையகப் பேச்சு காதில் விழும். தயங்காமல் "தம்பி, எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். எங்கே மலிவாகச் சாப்பிடலாம், எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று கூகுளுக்குத் தெரியாததெல்லாம் சொல்வார்கள்.

அப்புறம், ஊர் திரும்ப பஸ் ஏறுகிற நேரத்தில் இறால் வடை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கித்துல்கல தாண்டினால் கினிகத்தேனை வரைக்கும் வளைவுதான்.