தகரப் பெட்டிக்குள் இருக்கும் காகிதங்கள்

குமரி மாவட்டத்தின் முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் எழுதிய கடிதங்களுக்கு, ராணுவப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ஊர்க்காரர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் கணவர் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். ஐந்து மாதங்களுக்கு முன் 61ஆம் வயதில் காலமானார். அவருடைய ஓய்வூதியம் நின்றுவிட்டது. எனக்குரிய குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. ராணுவப் பதிவில் என் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். வங்கிக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கருங்கல்

பதில்: முதலில் ஒன்றை உறுதியாக நம்புங்கள், சகோதரி. உங்கள் பணம் எங்கும் போய்விடவில்லை. குடும்ப ஓய்வூதியம் உங்கள் கணவர் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்தே கணக்கிடப்படும். உத்தரவு எப்போது வந்தாலும் நிலுவை முழுவதும் சேர்ந்து வரும். அது முதலில் உயர்ந்த விகிதத்தில், அதாவது கடைசி ஊதியத்தின் 50 சதவீத அளவில், அவருடைய ஓய்வூதியத்தைத் தாண்டாமல் கிடைக்கும். 7 ஆண்டுகள் முடியும் நாள், அவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள் ஆகிய இரண்டில் எது முந்தி வருகிறதோ அதன் பிறகு 30 சதவீதமாகக் குறையும். அவர் 61 வயதில் இறந்ததால், அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாளே உங்களுக்கு எல்லை. இதை இப்போதே தெரிந்துகொண்டால், சில ஆண்டுகள் கழித்துத் தொகை குறையும்போது பதற வேண்டியிருக்காது.

இனி பெயருக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் தங்கம்மை, ஞானம்மை, செல்லம்மை என்று வீட்டிலும் ஊரிலும் அழைக்கப்பட்ட பெண்கள், தொலைவில் இருந்த ஓர் அலுவலகத்தின் தட்டச்சில் தங்கம்மாள், ஞானம்மாள் என்று ஆகியிருக்கிறார்கள். கணவரின் பெயரோடு வீட்டுப் பெயர் ஒரு தாளில் சேர்ந்திருக்கும், இன்னொன்றில் விடுபட்டிருக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன் பள்ளியில் சேர்ந்த மூத்தவர்களுக்கோ, மலையாளத்தில் எழுதப்பட்ட சான்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதே பெயர் மாறியிருக்கும். நானும் அந்த மேசையில் உட்கார்ந்து, ஒரு சிப்பாய் வாயால் சொன்ன மனைவியின் பெயரை என் காதுக்குக் கேட்டபடி எழுதியவன்தான். அந்த ஓர் எழுத்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு விதவையை வங்கி வாசலில் நிறுத்தும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வங்கியில் கேட்டு இனிப் பெரிய பயன் இல்லை. பெரும்பாலான ராணுவ ஓய்வூதியங்கள் ‘ஸ்பர்ஷ்’ இணைய முறைக்கு மாறிவிட்டதால், முடிவெடுப்பது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்; வங்கி பணம் வந்து விழும் இடம் மட்டுமே. எனவே உங்கள் வீட்டில் இருக்கும் அந்தக் கறுப்புத் தகரப் பெட்டியை, மூடியின் மேல் வெள்ளை பெயின்டில் அவருடைய எண்ணும் பதவியும் பெயரும் எழுதியிருக்குமே, அதைத் திறந்து பாருங்கள். படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., அதற்குப் பின் வந்த திருத்த ஆணைகள், ஓய்வுக்குப் பிறகும் தொடரும் ராணுவக் குழுக் காப்பீட்டின் நீட்டிப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். காப்பீட்டுச் சான்றிதழைப் பலர் பழைய காகிதம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன் காலம் முடியவில்லையென்றால் அந்தத் தொகையும் உங்களுக்கு உரியது.

இவற்றோடு இறப்புச் சான்று, ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எழுத்து வேறுபாடு சிறியதென்றால், இரண்டு பெயர்களும் உங்களையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி, அந்த அலுவலகத்தின் வழியாக உங்கள் கணவருடைய ரெஜிமென்டின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். யாரோ சொன்னார் என்பதற்காக, பதில் வருவதற்குள் ஆதாரையும் மாற்றிவிடாதீர்கள். இரு பக்கமும் ஒரே சமயத்தில் மாறினால் மீண்டும் பொருந்தாமல் போய்விடும். மூலத் தாள்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் அந்த அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

கேள்வி: இரவில் திடீரென்று நெஞ்சுவலி வந்தால், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை வைத்திருப்பவர், அத்திட்டத்தின் பாலிகிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?
வாசகர், தக்கலை

பதில்: ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் பரிந்துரைக் கடிதம் இல்லாமலேயே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லலாம். அது இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருந்தால் அட்டையைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாததாக இருந்தால், இரண்டு வேலை நாட்களுக்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் தெரிவித்துவிட வேண்டும். இதைத் தவறவிட்ட குடும்பங்கள்தான் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவிக்கின்றன.

கேள்வி: என் தந்தை 1970களில் ஏழு ஆண்டுகள் படையில் சிப்பாயாக இருந்து, குடும்பச் சூழ்நிலையால் விலகி வந்தவர். ஓய்வூதியம் இல்லை. இப்போது வருமானமும் இல்லை. அவருக்கு ஏதேனும் உண்டா?
வாசகர், கொல்லங்கோடு

பதில்: உண்டு. சிப்பாய்களும் ஹவில்தார்களும் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி தேவை என்பதால் உங்கள் தந்தைக்கு அது கிடைக்காது. ஆனால், ஓய்வூதியம் பெறாத, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட பதவியில் இருந்த, 65 வயது கடந்த வறியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய முப்படை நல வாரியம் மாத உதவித்தொகை வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அத்தொகை, 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் இணையத்தில், சரிபார்ப்பு நாகர்கோவில் அலுவலகத்தில். டிஸ்சார்ஜ் புத்தகம் அவசியம்.

படையில் ஏழு ஆண்டு இருந்தவரைப் ‘பாதியில் வந்தவர்’ என்று ஊரார் சொல்லிச் சொல்லி, இவர்களில் பலர் அந்த அலுவலகப் படியேறவே கூச்சப்படுகிறார்கள். தந்தையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் வடக்கே எல்லைப் பகுதியில் பணியில் இருக்கிறார். பக்கத்து வீட்டார் எங்கள் வேலியைத் தள்ளிப் போட்டு, இப்போது வழக்கும் தொடுத்திருக்கிறார்கள். நான் தனியாக என்ன செய்ய முடியும்?
வாசகி, திருவட்டாறு

பதில்: உங்கள் கணவர் தம் படைப்பிரிவின் கட்டளை அதிகாரி வழியாக மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பட்டும், அப்படி வரும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். பெண் என்ற முறையிலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென்றே 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தனித் திட்டமும் தொடங்கியுள்ளது. போர்க்காலத்திலோ சிறப்புச் சூழ்நிலையிலோ பணிபுரியும் வீரர் நேரில் வர இயலாதபோது வழக்கை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் இடமளிக்கிறது. வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தின் சார்பில் டிசம்பர் 7 கொடி நாளன்று முன்னாள் படைவீரர்களுக்குப் பொன்னாடை போர்த்த எண்ணியிருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
வாசகர், குலசேகரம்

பதில்: பொன்னாடை போர்த்துங்கள், மகிழ்ச்சி. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே உங்களுக்கு வேலை இருக்கிறது. நவம்பரில் ஒவ்வொரு ஓய்வூதியரும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். உங்கள் பகுதியில் ரப்பர் வெட்டியும், முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தும் குடும்பத்தைக் காத்த விதவைகள் எத்தனையோ பேர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவர்களுடைய விரல் ரேகை தேய்ந்திருக்கிறது. இணையச் சேவை மையத்தில் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் கருவி ஏற்காமல், ஒரு மூதாட்டி தன் கையையே முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முகத்தை அடையாளம் கண்டு சான்று பதிவுசெய்யும் வசதி 2021 முதல் கைப்பேசியிலேயே இருக்கிறது. அங்கிருந்த எவரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் மன்றத்தில் கைப்பேசி இல்லாத இளைஞர் இருக்க மாட்டார். இருவர் இருவராக வீடு வீடாகச் செல்லுங்கள். சான்றை முடித்தவுடன், பி.பி.ஓ.வில் அந்த அம்மாவின் பிறந்த தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் 80 வயதில் 20 சதவீதமும் 85இல் 30 சதவீதமும் கூடும்; ஆனால் பதிவில் பிறந்த தேதி இல்லையென்றால் அந்தக் கூடுதல் தொகை தானாக வராது. ஞானஸ்நானச் சான்றோ பழைய பள்ளிச் சான்றோ தேடிக் கொடுத்தால்தான் அது பதிவாகும். கணவர் உயிரோடு இருக்கும் வீடுகளில், மனைவியின் பெயரை ஆதாரோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அவர் கையெழுத்திட்டுக் கேட்கும்போது இந்தத் திருத்தம் எளிது.

கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணை எவரும் கேட்டு எழுதி வைக்கக் கூடாது. அந்த வீட்டு ஆள் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே எதையும் செய்யுங்கள். திருத்தம் தேவைப்படும் வீடுகளின் பட்டியலோடு, ஆட்சியர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கென நடக்கும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர்களை ஒரே வண்டியில் அழைத்துச் செல்லுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோர வீடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கிருந்து நாகர்கோவில் வந்து திரும்ப ஒரு வயதானவருக்கு முழுப் பகலும் போய்விடுகிறது.