அப்பாவின் லாரிக்கு இரண்டேகால் லட்சத்தில் கருவிகள்: கடன் வாங்கலாமா?

கேள்வி: அம்மா, நான் சங்ககிரியில் வசிக்கிறேன். வயது 41. நூற்பாலையில் மேற்பார்வையாளர் வேலை, கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 11,000, குடும்பச் செலவு 24,000. சேமிப்பு 1,40,000. இரண்டு குழந்தைகள். அப்பா ஓட்டிய 1983 மாடல் டாட்டா 1210 லாரி பதினான்கு வருடமாக வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பா இறந்துவிட்டார். அந்த வண்டியை என் கையாலேயே சரிசெய்ய ஆசைப்படுகிறேன். எம்.ஐ.ஜி. வெல்டிங் மெஷின் 38,000, 100 லிட்டர் கம்ப்ரஸர் 42,000, பேட்டரி இம்பேக்ட் ரென்ச் 46,000, என்ஜின் தூக்கும் கிரேன் 28,000, மணல் பீய்ச்சும் சாதனம் 35,000, கருவிகளோடு கூடிய டிராலி 24,000, கிரைண்டர் முதலிய சில்லறை 12,000, மொத்தம் 2,25,000. ஒரு நிதி நிறுவனம் 12 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை தருவதாகச் சொல்கிறது. மாதம் 8,500. வாங்கலாமா, அல்லது மனைவியின் நகையை வைக்கலாமா? பிறகு வெளிவேலை எடுத்து இந்தக் காசை மீட்டுவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

பதில்: லாரியைச் சரிசெய்யுங்கள். கடனை மட்டும் வாங்காதீர்கள்.

உங்களிடம் சொன்ன 12 சதவீதம் நிலை வட்டி. இரண்டேகால் லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 81,000, மொத்தம் 3,06,000, அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 8,500. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே போவீர்கள், வட்டியோ கடைசி மாதம் வரை முழு இரண்டேகால் லட்சத்துக்கும் போடப்படும். வீட்டுக்கடனைப் போலக் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இந்த வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். பரிசீலனைக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. வங்கியில் நகைக்கடன் இதைவிட மலிவு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் மாதம் மிஞ்சுவதே 11,000. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் எடுத்துக் கொடுக்க ஒன்று வேண்டும். நகை அதற்காக வீட்டில் இருக்கட்டும். சேமிப்பையும் தொடாதீர்கள். வீட்டுக்கடன் தவணையும் குடும்பச் செலவும் சேர்ந்து மாதம் 35,000 என்றால், 1,40,000 சரியாக நான்கு மாதத்துக்குத்தான் வரும்.

கடையில் பட்டியல் போடும்போது எல்லாக் கருவியும் நாளைக்கே வேண்டும் போலத் தோன்றும். வேலை அப்படி நடப்பதில்லை. வார விடுமுறையில் ஒருவர் தனியாகப் பிரித்து, துருவெடுத்து, மாற்றிப் பூட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். வண்ணம் அடிக்கும் நாள் எங்கோ இருக்கிறது. அதற்கான கம்ப்ரஸருக்கு இன்றே ஏன் வட்டி கட்ட வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் முன்கூட்டியே வாங்கிப் போட்டார். ஒன்றரை வருடம் கழித்துத் தொட்டியின் அடியிலிருக்கும் வடிகால் திருகைத் திறந்தபோது தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. உள்ளே அரித்த தொட்டியில் காற்றழுத்தம் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து என்பதால், ஒரு நாள்கூட வண்ணம் அடிக்காத கம்ப்ரஸரை அவர் பழைய இரும்புக்குப் போட்டார்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரே கேள்வி: இந்த வண்டியில் இதை எத்தனை முறை எடுப்பேன்? இம்பேக்ட் ரென்ச்சைப் பாருங்கள். ஆறு டயரையும் நீங்கள் கழற்றப்போவது இரண்டு மூன்று தடவை. வீல் நட்டைத் தளர்த்திக் கொடுக்கப் பஞ்சர் கடைக்காரர் தன் காற்றுத் துப்பாக்கியோடு வந்து போனால் அந்த 46,000 மிச்சம். என்ஜின் ஒரு முறை வெளியே வரும், ஒரு முறை உள்ளே போகும். அதற்குச் சங்கிலியால் பளு தூக்கும் செயின் பிளாக்கையும் அதைத் தொங்கவிடும் முக்காலிச் சட்டத்தையும் வாடகைக்கு எடுங்கள், பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் அன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் கிரேன் என்று எழுதியிருந்தாலும் அந்த எடை, கையைக் குட்டையாக வைக்கும்போதுதான்; முழு நீளத்துக்கு இழுத்தால் அரை டன்தான் தாங்கும். லாரியின் மூக்கைத் தாண்டி ஆறு சிலிண்டர் என்ஜினை எட்ட, நீளமாக இழுத்தே ஆக வேண்டும்.

மணல் பீய்ச்சும் சாதனத்தைப் பட்டியலிலிருந்து அடித்தே விடுங்கள். 100 லிட்டர் கம்ப்ரஸரின் காற்று அதற்குப் போதாது. கொஞ்ச நேரம் அடித்ததும் அழுத்தம் இறங்கிவிடும், மெஷின் ஓய்வில்லாமல் ஓடும். பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மணல் நொறுங்கிப் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரும், அதற்குத் தீர்வு கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி வேண்டாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைப் பிரித்து, துருவெடுக்க வெளியே கொடுத்து வாங்குங்கள்.

எம்.ஐ.ஜி. மெஷின் நல்ல தேர்வு. கேபின் தகடு மெல்லியது. சாதாரண ஆர்க் வெல்டிங் அதில் ஓட்டை போட்டுவிடும். நீங்களே கற்றுக்கொண்டு பல மாதம் பயன்படுத்தப்போகிற கருவி அது. ஆனால் முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு என்ற சொல்லே உங்கள் பட்டியலில் இல்லை. என் அண்ணன் நாமக்கல்லில் லாரி ஷெட் வைத்திருந்தார். ஒரு நாள் ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் விட்டுப்போய், பின் அச்சு சத்தமில்லாமல் இறங்கியது. கீழே படுத்திருந்த பையனுக்கும் அச்சுக்கும் நடுவே அண்ணன் வழக்கமாகச் சொருகி வைக்கும் புளியமரக் கட்டை இருந்தது. அந்தக் கட்டையில் பதிந்த பள்ளத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வண்டியின் எடையைத் தாங்குகிற எதையும் பழையதாக வாங்காதீர்கள், இரவலாகவும் வாங்காதீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மிஞ்சும் 11,000-இல் 6,000-ஐ லாரிக்கென்று தனிக் கணக்கில் மாதாமாதம் போடுங்கள்; மீதி 5,000 பழையபடி குடும்பச் சேமிப்புக்குப் போகட்டும். முதல் மூன்று மாதத்தின் 18,000-இல் இரண்டு ஜோடி ஸ்டாண்டு, ஒரு நல்ல ஜாக்கி, முக்கால் அங்குல சாக்கெட் செட், கிரைண்டர், கண்ணாடி, கையுறை. இவற்றை வைத்தே அரை வருடம் பிரிக்கும் வேலை ஓடும். அந்த மூன்று மாதத்துக்குப் பிந்தைய ஏழு மாதத்தில் வெல்டிங் மெஷினுக்கான பணம் வட்டியில்லாமல் சேர்ந்திருக்கும். மூன்று வருடத்தில் மொத்தம் 2,16,000. அதில் பாதியளவை ஆறு டயரே விழுங்கிவிடும். பிரேக் லைனிங், பேரிங், பெயிண்ட் எதுவுமே உங்கள் பட்டியலில் இல்லையே! கருவிக்குக் கடன் வாங்கியிருந்தால் டயருக்கு எதை வைப்பீர்கள்?

வெளிவேலை பற்றி: அது தொழில், வேறு கணக்கு. முதலில் இந்த வண்டியை முடியுங்கள். பிறகும் ஆள் தேடி வந்தால், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை பிணையில்லாமல் வங்கிக்கடன் கேட்கலாம். வருமான வரிக் கணக்கில் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். வீட்டு மின் இணைப்பில் காசுக்கு வெல்டிங் செய்து பிடிபட்டால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் வரும். அதனால் தொழில் இணைப்பையும் கணக்கில் சேருங்கள். இன்றைய செலவை அந்த வருமானத்தை நம்பிச் செய்யாதீர்கள். அப்பா நினைவுக்காக மனமறிந்து செய்யும் செலவு இது, முதலீடு அல்ல. அப்படிச் செலவழிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்? உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்டிருக்க வேண்டும். வண்டி ஓடாமல் நின்றாலும் முறைப்படி எழுதிக் கொடுக்காவிட்டால் காலாண்டு வரி ஏறிக்கொண்டே போகும். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதியை நம்ப வேண்டாம். அது 50 வருடம் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டு இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. உங்கள் சரக்கு லாரி சாலையில் ஓட வேண்டுமானால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, காப்பீடு, வரி மூன்றும் வேண்டும். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தினால் போதும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். ஓட வேண்டுமா, நின்றால் போதுமா என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிலுவை வரி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். அந்த எண் தெரிந்தால் மாதம் 6,000 போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.