அட்டை செட்டில் எடுத்த பழைய ஸ்டார் ட்ரெக்கை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: இன்டர்ஸ்டெல்லார், டியூன் எல்லாம் வந்துவிட்ட காலத்தில், ரப்பர் முகமூடி மாட்டிய அந்தப் பழைய தொடர்களில் மலரும் நினைவுகளைத் தவிர என்னதான் இருக்கிறது?

மலரும் நினைவுகள் என்று படித்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

யாரோ சொல்லிக் கேட்டு, விண்வெளிக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போகும் ஆட்களைப் பற்றிய அமெரிக்க டிவி தொடர்தான் ஸ்டார் ட்ரெக், அதில் 1966-ல் வந்த முதல் தொடரை முதலிலிருந்து போட்டிருப்பீர்கள். முதலில் ஒளிபரப்பான எபிசோடில், மனித உடம்பிலிருக்கும் உப்பை உறிஞ்சிக் கொல்லும் சடை பிடித்த ஜந்து ஒன்று வரும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, இந்தக் கேள்வியைத் தட்டியிருப்பீர்கள். தப்பில்லை, அந்த ஜந்துவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அதே எபிசோடுக்காக விதவிதமான உப்புக் குடுவைகளை வாங்கி வந்தார்கள். பார்ப்பவர்களுக்கு உப்புக் குடுவை என்றே புரியாது என்று தோன்றவும், அவற்றை கப்பலின் டாக்டர் மெக்காய் கையில் மருத்துவக் கருவிகளாகக் கொடுத்துவிட்டார்கள். வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால்தான், நின்ற இடத்தில் ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டரே பிறந்தது. ஸ்டார் ட்ரெக் பக்கமே வராதவர்களுக்கும் இன்று அது தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் தாய்மாமா மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது ஆபீஸைக் கவனிக்கும் தலைமை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்வெளி, ரோபோ என்றாலே அவருக்குப் பொம்மைப் படம். ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு மத்தியானம் நான் பின்னால் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷனில்' 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போட்டிருந்தேன். 1989-ல் வந்த எபிசோடு. எழுதிய மெலிண்டா ஸ்நாட்கிராஸ் எழுத்துக்கு வருமுன் வக்கீலாக இருந்தவர். டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி நிறையச் செய்யலாம் என்று ஒரு விஞ்ஞானி வந்து நிற்கிறார். டேட்டா ஒத்துக்கொள்ளாமல் வேலையை ராஜினாமா செய்கிறான். ராஜினாமா செய்ய அவனுக்கு உரிமை உண்டா, இல்லை அவன் வேலை பார்க்கும் விண்கப்பல் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா என்பதுதான் வழக்கு.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, நீதிபதியம்மா வந்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க ஆரம்பித்தார். டேட்டாவுக்காக கேப்டன் பிக்கார்ட் வாதாட, அவனுக்கு எதிராக வாதாடச் சொல்லி அவனுடைய நண்பன் ரைக்கரையே நிறுத்துகிறார்கள்.

"ஏன்டா, சிநேகிதனையே எதிர்த்தரப்புக்கு நிறுத்துறதா? வேற ஆளே இல்லையா?"

"புதுசா ஆரம்பிச்ச இடம் மாமா. ஸ்டாஃப் போடலை."

"அப்ப நம்ம கோர்ட்டுதான்."

ரைக்கர் எழுந்து போய் டேட்டாவின் கையைக் கழற்றி நீதிபதி முன்னால் காட்டினான். "எம்.ஓ. நம்பர் போடாம எப்படிடா எடுத்துக்கிறாங்க?" என்றார் மாமா, வழக்கில் காட்டும் சான்றுப் பொருளுக்குக் கோர்ட்டில் போடும் எண் அது. அடுத்து ரைக்கர் அவன் பின்னால் போய் சுவிட்சை அணைத்தான். உட்கார்ந்திருந்தவன் அப்படியே மேஜைமேல் சரிந்தான். பேப்பர் கீழே போனது. அதற்கப்புறம் கப்பலில் பார் நடத்தும் கைனனாக வரும் ஹூப்பி கோல்ட்பெர்க், பிக்கார்டோடு மேஜையில் உட்கார்ந்து, இப்படி ஆயிரக்கணக்கில் டேட்டாக்களைச் செய்து, யாரும் செய்ய விரும்பாத வேலைகளை அவர்கள் தலையில் கட்டினால் அதற்கு என்ன பெயர் என்று மெதுவாகக் கேட்பார். அடிமைத்தனம் என்று அவர் வாயால் சொல்லமாட்டார், பிக்கார்டைச் சொல்ல வைப்பார். இரண்டு பேர், ஒரு மேஜை. வேறு எதுவும் இல்லை.

தீர்ப்பு டேட்டா பக்கம் வந்தது. ஜட்ஜ்மென்ட் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அப்பீலில் நிற்காது என்று சொல்லிவிட்டு மாமா காபி குடிக்கப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று, "அந்தக் கையைத் திரும்ப மாட்டிட்டாங்களா?" என்று கேட்டார். செட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்த ஆளுக்கு என்ன மலரும் நினைவு?

"காசில்லாமல் எடுத்தால்தான் நல்ல படமா" என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் இந்த வழக்கு எபிசோடு வந்த இரண்டாவது சீசன் 22 எபிசோடுகளாகச் சுருங்கியது. அதன் கடைசி எபிசோடில் ரைக்கரைக் கட்டிலில் படுக்கப் போட்டு, பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஓட்டியிருப்பார்கள். தொடரின் ஆகச் சிறந்ததும் மகா மட்டமானதும் ஒரே சீசனில். கிராபிக்ஸுக்கும் நான் விரோதி இல்லை. 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்வெளியின் நிசப்தம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். நான் கேட்பதெல்லாம், அந்தக் காசு ஏதாவது சொல்வதற்காகச் செலவாகிறதா என்பதுதான்.

ஸ்டார் ட்ரெக் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் வந்த முதல் படத்துக்குக் கிட்டத்தட்ட 4.4 கோடி டாலர். நம் பாம்பேக்காரர் பெர்சிஸ் கம்பாட்டா மொட்டையே அடித்துக்கொண்டு நடித்தார், பாவம், அவரைத் தவிர எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. கப்பலைச் சுற்றிச் சுற்றிக் காட்டியே பொழுதைப் போக்கியிருப்பார்கள். 1982-ல் வந்த இரண்டாவது படம் 'ராத் ஆஃப் கான்' சுமார் 1.2 கோடியில் முடிந்தது. இரண்டு கப்பல்களின் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே செட். நாயகன் கிர்க்கும் வில்லன் கானும் படம் முழுக்க ஒரு தடவைகூட நேருக்கு நேர் நிற்கமாட்டார்கள், திரை வழியாகத்தான் பேச்சு. ஆனால் அந்தப் பகை எப்படி எரிகிறது!

எனக்கு வருத்தம் இப்போது வரும் தொடர்கள் மேல்தான். சீசனுக்கு எட்டோ பத்தோ எபிசோடு, அடுத்ததற்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உலகத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதால், ஒரு அறைக்குள் நாலு பேரை உட்காரவைத்து வழக்காட யாருக்கும் நேரமில்லை.

காத்திருப்பது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்துக்கு இடைவேளை விடுவதை யார் கேட்பது? 'கிராவிட்டி' மொத்தமே 91 நிமிடம். நான் பார்த்த தியேட்டரில் அதையும் பாதியில் நறுக்கினார்கள். சாண்ட்ரா புல்லக் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், பட்டென்று விளக்கைப் போட்டு வீட்டுமனை விளம்பரம். எனக்கு முன் வரிசையிலிருந்தவர் பாப்கார்னோடு திரும்பி வருவதற்குள் படம் எங்கோ போய்விட்டது, கதையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சத்தமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். போதாக்குறைக்குப் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போதே கதவைத் திறந்து துடைப்பத்தோடு வந்துவிடுகிறார்கள். மேனேஜரிடம் சொன்னேன். கேன்டீன்காரர் கான்ட்ராக்ட் அப்படி என்றார்.

சரி, பார்ப்பதென்றால் 1966-ஐ இப்போதைக்கு விடுங்கள். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் சீசனையும் விடுங்கள், அதை நாங்களே வெளியில் பேசுவதில்லை. இரண்டாவது சீசன், ஒன்பதாவது எபிசோடு, நான் மேலே சொன்ன வழக்கு. பிடித்தால் ஐந்தாவது சீசனில் 'டார்மக்', 'தி இன்னர் லைட்'. பிடிக்காவிட்டால் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம், ஆனால் தயவுசெய்து செட்டைச் சொல்லித் திட்டாதீர்கள்.