யாஷிகா எலக்ட்ரோ: 'சர்க்யூட் போயிடுச்சு' என்றால் உடனே நம்பாதீர்கள்

திருநெல்வேலி வாசகர் ஒருவரின் கேள்வி: பழைய யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரி இல்லாமலே ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பொத்தான் பேட்டரி நான்கைக் காகிதத்தில் சுருட்டிப் போட்டேன். ஒரு பிலிம் ரோல் கழுவிப் பார்த்ததில் வெயிலில் எடுத்த படங்கள் அருமை; வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் ஒரே இருட்டு. மேலே உள்ள சிவப்பு, மஞ்சள் விளக்குகளும் எரியவில்லை. மெக்கானிக், 'சர்க்யூட் போயிடுச்சு, ஜப்பானிலிருந்து ஒரிஜினல் போர்டு வரணும், 4,500 ரூபாய், பாதி முன்பணம்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மாடல் வந்தது 1973-ல். யாஷிகா நிறுவனம் 1983-ல் கியோசெரா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. கியோசெராவும் 2005-ல் கேமரா செய்வதையே நிறுத்திவிட்டது. ஜப்பானில் இந்தப் போர்டை இன்று யாரும் செய்வதில்லை. 'ஒரிஜினல்' என்று வரப்போவது இன்னொரு செத்த கேமராவிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் 'பார்சல் வரணும் சார்' என்று அலையவிடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி விடை. இந்தக் கேமராவுக்கு மின்சாரம் கிடைக்காவிட்டால், பிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர் எப்போதும் 1/500 நொடியில்தான் அடிக்கும். வெயிலுக்கு அது போதும், வீட்டுக்குள் போதாது. விற்றவர் சொன்ன 'பேட்டரி இல்லாமலே ஓடும்' இந்த அளவுக்குத்தான் உண்மை. ஆக, போர்டைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

விளக்கு எரியாததை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். வெளிச்சம் சரியாக இருந்தால் இரண்டுமே எரியாது, அதுதான் முறை. மஞ்சள் எரிந்தால் ஷட்டர் மெதுவாக ஓடும், கை ஆடும் என்று பொருள். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது. லென்ஸை எஃப் 16-ல் (துளை மிகச் சிறியது) வைத்து, பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துவிட்டு, இருட்டு மூலையைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். மஞ்சள் எரிய வேண்டும். எஃப் 1.7-ல் (துளை மிகப் பெரியது) வைத்து வானத்தைப் பார்த்தால் சிவப்பு. இரண்டுமே எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஃபிளாஷ்' குறியில் இருந்தால் ஷட்டர் 1/30-லேயே நிற்கும்.

அப்புறம் பேட்டரி அறை. இதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதற்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி போதும். இந்த மாடலில் அந்தச் சின்ன வித்தியாசம் படத்தைக் கெடுக்காது. ஆனால் அது சிறியது, பழைய அறையில் லொடலொடவென்று ஆடும். உங்கள் காகிதச் சுருட்டிலும் கோளாறு இதுவாகவே இருக்கலாம். சுற்றிலும் அட்டை வைத்து, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் இறுக்கமாக நிற்கும். இதற்குக் கொள்ளை விலையில் 'அடாப்டர்' விற்கிறார்கள், அவசியமில்லை. அறையின் தகட்டிலும் மூடியிலும் பச்சை பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு முறை. டபிள்யூடி-40-ஐ மட்டும் கேமராவுக்குள் அடித்துவிடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. எண்ணெய் ஷட்டர் இதழ்களில் ஏறினால் அவை ஒட்டிக்கொள்ளும். சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் விளக்கு வரவில்லையென்றால், அறையிலிருந்து உள்ளே போகும் வயர் அரித்திருக்கும். சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக்கே அதை மாற்றிவிடுவார்.

விளக்குகள் ஒழுங்காக எரிந்தும் படம் கெட்டால்தான் கதை வேறு. லீவரை மெதுவாக இழுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது இல்லையென்றால், உள்ளே இருக்கும் 'பேட்' என்ற சின்ன ரப்பர் துண்டு வயதாகி மக்கிவிட்டது. அந்தத் துண்டு இல்லாமல் ஷட்டரின் நேரக்கணக்கு ஒவ்வொரு படத்துக்கும் சரியாகத் தொடங்காது. எலக்ட்ரோவின் பிறவி நோயே இதுதான். ரப்பருக்குக் காசே இல்லை, கழற்றி மாட்டும் கூலிதான். இதைத்தான் பலர் 'போர்டு' என்று பெயர் சூட்டி வசூலிக்கிறார்கள். 'டொக் சத்தம் வரலை, பேட் மாத்தத் தெரியுமா?' என்று கேளுங்கள். விழித்தால் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

லென்ஸில் பூஞ்சை, பின்கதவில் பிசுபிசுக்கும் கறுப்பு ஃபோம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு ரோல் போட்டுச் சோதிக்காதீர்கள். ஊட்டியில் 'இந்து' பிலிம் செய்துகொண்டிருந்த அரசு ஆலையையே மூடவிட்ட நாடு இது. ரோலுக்கு நாம் கொடுப்பது வெளிநாட்டு விலை.  அதற்குப் பதில், பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்துவைத்து, எஃப் 16-ல், முன்பக்கம் மேலே வெளிச்சத்தை அளக்கும் சின்ன மீட்டர் கண்ணை விரலால் மூடி அழுத்திப் பாருங்கள். ஷட்டர் நன்றாகத் தாமதித்து மூட வேண்டும். வானத்தைப் பார்த்து அழுத்தினால் சட்டென்று மூட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் கடைக்குப் போங்கள்.

கொடுக்கும்போது கேமரா எண், லென்ஸ் எண் இரண்டையும் போட்டோ எடுத்துவைத்து, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். நல்ல லென்ஸைக் கழற்றிவிட்டுப் பூஞ்சை லென்ஸை மாட்டித் தருவதும் நடக்கிறது. மாற்றிய பழைய பாகம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாத கடையில் கேமராவை விட்டுவிட்டு வராதீர்கள்.