செக் நாட்டுத் தலைநகர் பிராகில் அரை நாள்தான் இருக்கிறது. பழைய நகரச் சதுக்கத்தை நடந்தே பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி செலெட்னா தெரு வழியே நடங்கள். பொஹிமிய (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) மன்னர்கள் முடிசூட்டு ஊர்வலமாகப் போன பாதை இது. தெரு முடியும் இடத்தில் சதுக்கம் விரியும்.

கூட்டம் முழுக்க 1410-இல் நிறுவப்பட்ட வானியல் கடிகாரத்தின் முன்னால்தான் நிற்கும். காலை 9 முதல் இரவு 11 வரை, மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு மணியை அடிக்க, மேலே இரண்டு சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், கூட்டம் கலைந்த பிறகு முகப்பை நிதானமாகப் பாருங்கள். வெளி வளையத்தில் உள்ள 24 எண்கள், சூரியன் மறைவதிலிருந்து மணியை எண்ணும் பழைய செக் கணக்கு. பருவத்துக்குத் தக்கபடி அந்த வளையம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள். கடிகாரம் இருக்கும் நகர மன்றத்தை ஒட்டி 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். அப்போது பொஹிமியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியை எதிர்த்த 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று அங்கேதான் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். பலர் இவற்றை மிதித்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படும். சதுக்கத்தில் இருக்கும் செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் சிலை, அவர் எரிக்கப்பட்டதன் 500-ஆம் ஆண்டு நிறைவான 1915-இல் திறந்தது.

நேரம் மிச்சமிருந்தால் கார்லோவா தெரு வழியாக சார்லஸ் பாலத்துக்குப் போகலாம். வழியெல்லாம் கருங்கல் பாவிய தரை, அதனால் நல்ல காலணி அவசியம்.